மலை ஏரியில் மோட்டார் படகு: வாசகர் கேள்வி – பதில்

நீலகிரி, பழனி மலை ஏரிகளில் படகுச் சவாரி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

கல்யாணமாகி 25 வருடம் ஆகிறது. நாங்கள் இருவர் மட்டும் ஒரு மோட்டார் படகை எடுத்துக்கொண்டு, காலையிலிருந்து மாலை வரை ஏரியிலேயே இருக்க ஆசை. ஊட்டியா, பைக்காராவா, கொடைக்கானலா? படகை நாங்களே ஓட்டலாமா?
– வாசகி, பெருந்துறை

மோட்டார் படகை நீங்கள் ஓட்ட முடியாது. படகு இல்லத்தின் ஓட்டுநர்தான் ஓட்டுவார். நாள் வாடகை என்ற ஏற்பாடும் கிடையாது. ஒரு டிக்கெட்டுக்கு ஒரு சுற்று, அதுவும் பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். நாள் முழுவதும் தண்ணீரில் இருக்கலாம் என்று கற்பனை செய்துகொண்டு வந்தால் ஏமாற்றம்தான். இரண்டு மூன்று சவாரிகளைச் சரியான நேரத்தில் கோத்துக்கொண்டால் நாள் நன்றாகவே நிறையும்.

மோட்டார் படகுதான் வேண்டுமென்றால் எங்கள் வாக்கு பைக்காராவுக்கு. ஊட்டி ஏரியில் 8, 10, 15 பேர் அமரும் மோட்டார் படகுகள் ஓடுகின்றன. ஆனால் ஏரி சுமார் 65 ஏக்கர்தான். வேகம் பிடித்த சூட்டோடு எதிர்க்கரை வந்துவிடும். கொடைக்கானல் ஏரிக்குப் பெடல் படகும் துடுப்புப் படகும் ஷிகாராவும் (காஷ்மீர் பாணிக் கூரைப் படகு)தான் அழகு. பைக்காரா நீர்மின் திட்டத்தின் அணை நீர்த்தேக்கம். கரையில் கடை கண்ணி இல்லை, சோலையும் புல்வெளியும்தான். ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் 20 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது.

நேரம்தான் முக்கியம். காலை 8 மணிக்கு ஊட்டியிலிருந்து கிளம்பி, வழியில் தலைகுந்தா பைன் காட்டிலோ ஷூட்டிங் மட்டப் புல்வெளியிலோ நிற்காமல் நேரே படகு இல்லத்துக்குப் போய்விடுங்கள். டிக்கெட் கொடுக்கத் தொடங்கும் நேரத்தில் வரிசை குறைவு, காற்றும் குறைவு. படகு முழுவதற்கும் பணம் கட்டினால் இருவர் மட்டும் போகலாம். கட்டணம் அவ்வப்போது மாறும், பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று மோட்டார் படகு. இறங்கி ஒரு டீ. உடம்புக்கு ஒத்துக்கொண்டால் இரண்டாவதாக ஸ்பீடு போட். அதன் பிறகு பைக்காரா அருவி. வரும்போது விட்டுவிட்ட இடங்களை ஊட்டிக்குத் திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம். மாலை 4 மணிக்கு மேல் ஊட்டி ஏரியில் ஒரு பெடல் படகு. அருவியை முதலில் பார்த்துவிட்டு மதியம் படகுக்கு வருவதுதான் எல்லோரும் செய்வது. கூட்டம், காற்று, மேகம் மூன்றும் சேர்ந்து காத்திருப்பதும் அப்போதுதான்.

ஸ்பீடு போட்டில் ஒரு எச்சரிக்கை. அலை மேல் ஏறி விழும்போது முன் இருக்கையில்தான் அடி அதிகம். முதுகு வலி, கழுத்துத் தேய்மானம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறவே வேண்டாம். மற்றவர்கள் பின்பக்கமாக உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் தரையில் பதித்து, கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம்.  முதுகை நிமிர்த்தி, காலில் எடையைத் தாங்குங்கள்.

என் கணவர் 92 கிலோ, நான் 51. போன முறை எட்டுப் பேர் படகில் இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்தோம். படகு அவர் பக்கம் சாய்ந்தே ஓடியது. ஓட்டுநர் அவரைத் தனியாக நடுவில் உட்காரச் சொன்னார். சேர்ந்து உட்காரவே முடியாதா?
– வாசகி, குன்னூர்

தாராளமாக முடியும், ஆனால் படகின் நடுக்கோட்டைப் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும். சிறுவர்கள் ஏறி இறங்கி ஆடும் சீ-சா பலகைக் கணக்குதான் இது. எடையையும், நடுக்கோட்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளி உட்கார்கிறோம் என்பதையும் பெருக்கினால் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும்.

ஒட்டி உட்கார்ந்தால் இருவரின் உடல் நடுவுக்கும் இடையே ஏறக்குறைய 50 செ.மீ. இருக்கும். அவர் நடுக்கோட்டிலிருந்து 18 செ.மீ. தள்ளியும் நீங்கள் மறுபக்கம் 32 செ.மீ. தள்ளியும் இருந்தால் கணக்கு நேராகும் (92 × 18 = 1,656; 51 × 32 = 1,632). பார்வைக்கு அவர் கிட்டத்தட்ட நடுவிலேயே உட்கார்ந்திருப்பார். நீங்கள் அவர் தோளோடு சாய்ந்திருப்பீர்கள். தனித்தனிப் பக்கம் உட்கார்வதென்றால் அவர் 40 செ.மீ., நீங்கள் 72 செ.மீ. ஆளுக்கொரு ஓரம் பிடித்தால் மட்டும் சமன் வரவே வராது. அவர் 60 செ.மீ. தள்ளினால் நீங்கள் 108 செ.மீ. போக வேண்டும். சிறிய படகில் அதற்குள் பக்கச் சுவர் குறுக்கே வந்துவிடும்.

ஓட்டுநரையும் கணக்கில் சேருங்கள். ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும் படகில் அவர் எடை ஏற்கெனவே வலப்பக்கம். ஆகவே கனமானவர் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி உட்கார்வது நல்லது. முன் பின் எடைக்கும் இதே கவனம் வேண்டும். இன்ஜினும் ஓட்டுநரும் பின்னால். நீங்களும் பின் வரிசையில் உட்கார்ந்தால் படகின் மூக்கு தூக்கிக்கொள்ளும், ஓட்டுநருக்கு முன்னால் இருப்பது தெரியாது. இரண்டு பேருக்கு நடு வரிசைதான் இடம்.

ஏறும்போது ஒருவர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அடுத்தவர் ஏற வேண்டும். காலைப் படகின் விளிம்பில் வைக்கக் கூடாது. தரையின் நடுவில் வையுங்கள். ஒரு கால் துறையிலும் ஒரு கால் படகிலுமாக நின்று கைப்பையை வாங்குவதுதான் மிகப் பெரிய தப்பு. அந்த நேரம் பார்த்துப் படகு துறையை விட்டு நகரும். ஓடிக்கொண்டிருக்கும்போது இடம் மாற வேண்டுமானால் ஓட்டுநரிடம் சொல்லி வேகத்தைக் குறைத்த பிறகு, குனிந்தபடி, ஒவ்வொருவராக மாறுங்கள்.

கரையில் காட்டெருமையோ மானோ தெரிந்தால் எல்லோரும் ஒரே பக்கம் எழுவது வழக்கம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டது அந்த விபத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியாத காட்டெருமை, எழுந்து நின்றாலும் பெரிதாகத் தெரிந்துவிடாது.

படகு பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். கடலோரத்திலிருந்து வந்த 40 எச்.பி. டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் இன்ஜின்). அங்கே நிமிடத்துக்கு 5,300 சுற்று தொட்ட இன்ஜின் இங்கே முழு த்ராட்டிலில் (ஆக்ஸிலரேட்டரில்) 4,300-ஐத் தாண்டவில்லை. பிளக் கருப்பாகிறது, புகையும் அதிகம். பிஸ்டன் ரிங் போய்விட்டது என்கிறார் ஒருவர்.
– வாசகர், கூடலூர்

ரிங்கைக் கழற்றுவதற்கு முன் காற்றைக் கவனியுங்கள். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். உறிஞ்சும் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்ஸிஜன் அந்த அளவு குறைகிறது. 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும் என்பது மெக்கானிக்குகளின் தோராயக் கணக்கு. 40 எச்.பி. இன்ஜின் மலையில் 32 எச்.பி. இன்ஜின்தான். இந்த இழப்பை எந்தச் சரிசெய்தலாலும் மீட்க முடியாது. நீங்கள் சரிசெய்யக் கூடியவை இரண்டு: பெட்ரோல் கலவையும் ப்ரொப்பல்லரும்.

கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது. காற்று குறைந்தாலும் பெட்ரோலை ஏறக்குறைய பழைய அளவிலேயே விடும். கலவையில் பெட்ரோல் மிஞ்சுவதால்தான் பிளக்கில் கரி, புகை, ஐட்லிங்கில் இருமல். கம்பெனி கையேட்டில் உயரவாரியாக மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் துளைத் திருகு) எண் அட்டவணை இருக்கும். அதன்படி சிறிய ஜெட் போடுங்கள். ஊசியால் குத்தியோ ஈயம் வைத்து அடைத்தோ பழைய ஜெட்டையே மாற்றும் வேலை வேண்டாம். காற்றழுத்த சென்சார் உள்ள ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜெக்‌ஷன் இன்ஜின் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும். சக்தி இழப்பு மட்டும் அதற்கும் உண்டு.

அடுத்தது ப்ரொப்பல்லர். இளைத்துப்போன இன்ஜினுக்குப் பழைய பிட்ச் (ஒரு சுற்றில் ப்ரொப்பல்லர் முன்னேறும் தூரம்) பாரம். டாப் கியரில் மலை ஏறும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பிட்ச்சில் ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று கூடும். இந்த அளவு டூ-ஸ்ட்ரோக்குகளில் பலவற்றுக்கு முழு த்ராட்டிலில் 4,500–5,500 சுற்று என்பது வரம்பு. உங்கள் கையேட்டில் இருப்பதையே இறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். 13 பிட்ச் இருந்தால் 11-க்கு வாருங்கள். 300–400 சுற்று கிடைக்கும். ஜெட் சரியானதும் இன்னும் கொஞ்சம் ஏறும். அளவை முழுச் சுமையோடு எடுங்கள். காலிப் படகில் ஓட்டி 5,000 தொட்டது என்று மகிழ்ந்தால், எட்டுப் பேர் ஏறியதும் பழைய கதைதான். வரம்புக்குக் கீழே முக்கிக்கொண்டே ஓடும் இன்ஜினில் கரி சேரும், சூடாகும், கடைசியில் ரிங்கும் உண்மையாகவே போகும்.

ஆயிலைக் குறைத்தால் புகை குறையும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பெட்ரோல் 50-க்கு ஆயில் 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25 லிட்டர் டேங்குக்கு 500 மில்லி. பாதிப் பெட்ரோல் ஊற்றி, ஆயிலை ஊற்றிக் குலுக்கி, பிறகு மீதியை ஊற்றுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மூடுபனி ஊரில் பாதி காலியான டேங்கின் உட்சுவரில் வியர்வை கட்டி, தண்ணீர் அடியில் தங்கும். டேங்குக்கும் இன்ஜினுக்கும் இடையில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் வையுங்கள். மழை மாதங்களில் இரண்டு மூன்று வாரம் படகு ஓடாது என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். சீசனின் முதல் நாள் கிளம்பாத இன்ஜின்களில் பல, உள்ளே பிசின் கட்டிய ஜெட் உள்ளவை.

இந்த இன்ஜின் மறுபடி கடலோரத்துக்குப் போனால் பழைய ஜெட்டைத் திரும்பப் போட மறக்காதீர்கள். அங்கே சிறிய ஜெட் என்றால் பெட்ரோல் போதாத கலவை. பிஸ்டன் தலை உருகும்.

ஏரி நடுவில் இன்ஜின் நின்றுவிட்டது. ஓட்டுநர் எதையோ தூக்கிப் பார்த்தார், ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டது. பயந்துபோனோம். என்ன ஆகியிருக்கும்?
– வாசகர், திண்டுக்கல்

அவர் தூக்கியது இன்ஜினின் கால். ப்ரொப்பல்லரில் ஆகாயத்தாமரை வேரோ, கயிறோ, பிளாஸ்டிக் பையோ சுற்றியிருக்க வேண்டும். ஊட்டி ஏரியில் ஆகாயத்தாமரைத் தொல்லை பழையது. ஓடும்போது இன்ஜின் பின்புறம் பாருங்கள்: மெல்லிய நீர்த்தாரை ஒன்று விடாமல் பீய்ச்சிக்கொண்டிருக்கும். குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். தாரை நின்றாலோ நீராவியாக வந்தாலோ தண்ணீர் உறிஞ்சும் வாயில் பாசி அடைத்திருக்கலாம். ஓட்டுநர் கவனிக்காவிட்டால் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஐந்து பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு தவித்து நின்றால், பெட்ரோல் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறக்கப்படவில்லை என்று சந்தேகிக்கலாம். பெட்ரோல் வெளியே போகப் போக உள்ளே வெற்றிடம். குழாயில் உள்ள ரப்பர் உருண்டை சப்பிப்போயிருக்கும். திருகைத் திறந்து, உருண்டை கெட்டியாகும் வரை அமுக்கினால் கிளம்பும். இருமலே இல்லாமல் சட்டென்று நின்றால் ஓட்டுநர் மணிக்கட்டிலிருந்து இன்ஜினுக்குப் போகும் சிவப்புச் சுருள் கயிறு கழன்றிருக்கும். ஓட்டுநர் தவறி விழுந்தால் இன்ஜினை நிறுத்துவதற்காகவே அந்தக் கயிறு. அவர் அதை மாட்டாமல் தொங்கவிட்டிருந்தால் மாட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

இன்ஜின் அலறுகிறது, படகு நகரவில்லை என்றால் ப்ரொப்பல்லரின் ஷியர் பின் (அடிபட்டால் முதலில் உடையும் சிறு ஊசி) உடைந்தது, அல்லது நடு ரப்பர் வழுக்குகிறது. பைக்காராவில் இதற்கு வாய்ப்பு கோடையில் அதிகம். 1932-ல் மின் உற்பத்தி தொடங்கிய திட்டத்தின் தண்ணீர் அது. மின் தேவையைப் பார்த்து மட்டம் இறங்கும். மழைக்காலத்தில் ஆள் உயரத் தண்ணீருக்கு அடியில் இருந்த பாறையும் மரக்கட்டையும் ஏப்ரலில் ஒரு சாண் ஆழத்தில் நிற்கும். ஓட்டுநர் கரையோரம் போக மறுத்தால் அது சோம்பேறித்தனம் இல்லை.

எதுவானாலும் நீங்கள் செய்ய வேண்டியது, உதவுகிறேன் என்று பின்பக்கம் போகாமல் இருப்பது. இன்ஜின் எடையோடு இரண்டு பேர் எடையும் அங்கே சேர்ந்தால் பின்விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும்.

லைஃப் ஜாக்கெட் பெயருக்குத்தானே? தளர்வாக, ஈரமாக ஒன்றைக் கொடுக்கிறார்கள். மனைவி சேலைதான் கட்டுவார்.
– வாசகர், தாராபுரம்

ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், தளர்வைப் பொறுக்கக் கூடாது. கிளிப் எல்லாவற்றையும் போட்டுப் பக்க வார்களை இழுத்த பிறகு, இன்னொருவர் இரண்டு தோள்பட்டையையும் மேலே தூக்கிப் பார்க்கட்டும். ஜாக்கெட் காது வரை வந்தால் தண்ணீரிலும் அப்படித்தான் வரும்: ஜாக்கெட் மிதக்கும், ஆள் உள்ளே நழுவுவார். சிறிய அளவு கேளுங்கள். உள்ளே போட்டிருக்கும் அட்டையில் கிலோ அளவு இருக்கும். நுரை கிழிந்தோ கிளிப் உடைந்தோ இருந்தால் மாற்றிக் கேளுங்கள். ஸ்வெட்டர் உள்ளே, ஜாக்கெட் வெளியே. மேலே கோட் போட்டு மறைத்தால் அவசரத்தில் பயனில்லை.

சேலையில் போகலாம்தான். முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகி, அதன் மேல் ஜாக்கெட் கட்ட வேண்டும். கொசுவம் காலைச் சுற்றிக்கொண்டால் நீந்தத் தெரிந்தவருக்கும் கஷ்டம். ஆகவே அன்று ஒரு நாள் சுடிதார் போட்டுக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். பட்டுச் சேலை வேண்டவே வேண்டாம்.

மலைத் தண்ணீரில் விழுந்தால் முதல் ஆபத்து குளிர்தான். குளிர் தோலில் பட்டதும் தன்னையறியாமல் பெருமூச்சு இழுக்கும். வாய் தண்ணீருக்குள் இருந்தால் அந்த ஒரு மூச்சு போதும். முதல் ஒரு நிமிடம் நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. படகு கவிழ்ந்தாலும் அதை விட்டு நீந்திப் போகாதீர்கள். இருவரும் மார்போடு மார்பு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படகைப் பற்றியிருங்கள். சூடு மெதுவாகத்தான் போகும்.

எந்த மாதம் போகலாம்? மே மாதம் மதியம் இடி மழையில் மாட்டிக்கொண்டோம்.
– வாசகி, உடுமலைப்பேட்டை

ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி சகஜம். மின்னல் தெரிந்து 30 நொடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. டிக்கெட் வாங்கியிருந்தாலும் ஏறாதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்கோ காருக்கோ போய்விடுங்கள். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பைக்காரா பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். பழனி மலைக்கு மழை முக்கியமாக அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை. டிசம்பர் கடைசியும் ஜனவரியும் வானம் தெளிவு, காலையில் உறைபனி. தண்ணீரைவிடக் காற்று குளிர்ந்திருப்பதால் ஏரி மேல் ஆவி பறக்கும். பார்க்க அழகு, ஆனால் அது கலையும் வரை படகு விட மாட்டார்கள். கையுறை எடுத்துப் போங்கள்.

கொடைக்கானலில் துடுப்புப் படகு எடுத்தால் வட்டமடித்துக்கொண்டே இருக்கிறது. என்ன தவறு?
– வாசகர், வத்தலக்குண்டு

ஒரு கை மற்றதைவிட பலமாக இழுக்கிறது. படகு பலம் குறைந்த கையின் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். துடுப்பை ஆழமாக முக்காதீர்கள், அகன்ற பகுதி மட்டும் மூழ்கினால் போதும். படகின் பின்புறத்துக்கு நேராகக் கரையில் ஒரு மரத்தைக் குறி வைத்துக்கொண்டு, அது நகராமல் பார்த்து இழுங்கள். திரும்ப ஒரு பக்கத் துடுப்பை முன்னால் தள்ளி, மற்றதைப் பின்னால் இழுக்க வேண்டும். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் உருவாக்கிய அந்த ஏரி நட்சத்திர வடிவம். ஒரு கிளைக்குள் புகுந்தால் காற்று அடங்கும், வெளியே வந்ததும் முகத்தில் அடிக்கும். ஆகவே புறப்படும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். கை ஓய்ந்து திரும்பும்போது அதே காற்று தள்ளிக்கொண்டு வரும். நேரம் பாதி ஆனதும் திருப்பிவிடுங்கள்.

இ-பாஸ், தண்ணீர் பாட்டில்?
– வாசகர், காங்கேயம்

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாளே எடுத்துவிடுங்கள். அரசுப் பஸ்ஸில் வருவோருக்குத் தேவையில்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஸ்டீல் பாட்டில் கொண்டு போங்கள். படகில் அதை மடியில் வைக்காமல் இருக்கைக்கு அடியில் சாய்த்து வையுங்கள்.